பிர்னோ ஹார்னெட்டுக்குப் புதுக் குழல்: .22 எல்.ஆர். ஆக்கலாமா, .223 ஆக்கலாமா?

மயூர் விஹாரிலிருந்து வந்திருக்கும் கேள்வி இது. மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, பின்னர் மறைந்த தந்தையார் வைத்திருந்த .22 ஹார்னெட் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று வாரிசு உரிமத்தின் மூலம் மகனுடைய பெயருக்கு வந்திருக்கிறது. அது பிர்னோ முத்திரையுள்ள செக்கோஸ்லோவாக்கியத் தயாரிப்பான இசட்.கே.டபிள்யூ. 465. தில்லிக் கடைகளில் ஹார்னெட் தோட்டா கேட்டால் இல்லை என்ற பதிலே கிடைக்கிறது. பட்டறைக்காரர் ஒருவர் துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, குழலை மட்டும் மாற்றி .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) ஆகவோ .223 ரெமிங்டன் ஆகவோ ஆக்கிவிடலாம், "ஹோ ஜாயேகா" (ஆகிவிடும்) என்று சொல்லியிருக்கிறார். செய்யலாமா, இரண்டில் எது நல்லது, மாற்றியபின் துக்ளகாபாத் சுடுதளத்தில் கொண்டுபோய்ச் சுட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். .223 ஆக்குவது அந்த ஆக்‌ஷனில் (தோட்டாவை ஏற்றிப் பூட்டிச் சுடும் இயக்க அமைப்பில்) செய்யக் கூடாத வேலை. .22 எல்.ஆர். ஆக்குவது பொறியியல் நோக்கில் முடியாததன்று. ஆனால் அதற்கு ஆகும் செலவும் அலைச்சலும் தனியாக ஒரு.22 எல்.ஆர். ரைஃபிள் வாங்குவதைவிட அதிகமாகும், கிடைக்கும் துப்பாக்கியோ அதைவிட மட்டமாக இருக்கும். குழல் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தால் அதே ஹார்னெட்டில் புதுக் குழல் போடுவது மட்டுமே பொருளுள்ள மாற்றம். இவற்றில் எதைச் செய்வதானாலும் உரிமம் வழங்கிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதி முன்னால் வர வேண்டும், பட்டறை பின்னால் வர வேண்டும்.

ஒரு ரைஃபிளின் அமைப்பு முழுவதையும் தீர்மானிப்பது அது சுடும் தோட்டா. குழல் என்பது அந்தத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்ட பல பாகங்களில் ஒன்று. போல்ட் என்னும் பூட்டுத் தண்டின் முகம் தோட்டாவின் அடிவிளிம்பை அணைத்துப் பிடிக்க வேண்டும்; எக்ஸ்ட்ராக்டர் என்னும் கொக்கி அந்த விளிம்பைப் பற்றி வெற்றுக் கூட்டை வெளியே இழுக்க வேண்டும்; மேகசின் என்னும் தோட்டாப் பெட்டி தோட்டாவின் நீளத்துக்கும் சரிவுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும்; சுடு ஊசி, பிரைமர் என்னும் தீப்பற்றும் பொட்டு இருக்கும் இடத்தில் அடிக்க வேண்டும்; பூட்டும் முண்டுகளும், போல்ட்டைத் தாங்கும் ரிசீவர் என்னும் உடல்பாகத்தின் எஃகும் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். இவற்றையெல்லாம் சோதித்து, எல்லாவற்றுக்கும் ஆம் என்று பதில் வந்த பிறகுதான் குழலைப் பற்றிய பேச்சே எடுக்க வேண்டும். குழலைப் பிடித்துக்கொண்டு தொடங்கும் பட்டறைக்காரரிடம் துப்பாக்கியைக் கொடுக்காமல் திரும்பிவிடுவது நல்லது.

முதலில் .223 ரெமிங்டனை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஆபத்து அதில்தான் இருக்கிறது. பெயரில் இரண்டும் .22 வகை, குண்டின் விட்டமும் ஏறக்குறைய ஒன்றே, ஆகவே மாற்றுவது எளிது என்று தோன்றும். ஹார்னெட் தோட்டாக் கூட்டின் நீளம் 35.6 மி.மீ.; குண்டோடு சேர்ந்து முழு நீளம் ஏறத்தாழ 44 மி.மீ. வரை வரும். .223-இன் கூடு மட்டுமே 44.7 மி.மீ., முழுத் தோட்டா 57.4 மி.மீ. வரை போகும். அதாவது ஹார்னெட்டுக்காகச் செய்த மேகசினில் .223 தோட்டா படுக்கவே படுக்காது. மேகசினை விட்டுவிட்டு ஒவ்வொன்றாக இட்டுச் சுடலாம் என்றாலும், அந்தச் சிறிய ஆக்‌ஷனில் போல்ட் பின்வாங்கும் தூரம் அத்தனை நீளமான தோட்டாவை எடுக்கவும் தள்ளவும் கணக்கிட்டு வைக்கப்பட்டதன்று. அடுத்தது விளிம்பு. ஹார்னெட் விளிம்புள்ள தோட்டா, விளிம்பின் விட்டம் 8.9 மி.மீ.; .223 விளிம்பற்ற வகை, அடியின் விட்டம் 9.6 மி.மீ. ஆகவே போல்ட் முகத்தைக் குடைந்து பெரிதாக்கி, எக்ஸ்ட்ராக்டரையும் மாற்ற வேண்டும். குடையும்போது எடுபடுவது அழுத்தத்தைத் தாங்கும் இடத்து எஃகு என்பதை மறந்துவிடக் கூடாது.

இதைவிடப் பெரிய தடை அழுத்தம். ஐரோப்பிய நாடுகளின் பொதுத் தரக் குழுவான சி.ஐ.பி. ஹார்னெட்டுக்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 3,000 பார் (அழுத்த அலகு); .223-க்கு 4,300 பார். எண்ணில் பார்த்தால் ஒன்றரை மடங்குக்கும் குறைவு, பயப்படும் அளவுக்கு இல்லை என்று தோன்றலாம். ஆனால் போல்ட்டைப் பின்னோக்கித் தள்ளும் விசை என்பது அழுத்தத்தை அது செயல்படும் பரப்பால் பெருக்கிய அளவாகும். ஹார்னெட் கூட்டின் அடிப்பகுதி விட்டம் சுமார் 7.6 மி.மீ., .223-இனுடையது சுமார் 9.55 மி.மீ. வெளி விட்டத்தையே வைத்து மேலெல்லையாகக் கணக்கிட்டால் ஹார்னெட் போல்ட்டின் மேல் ஏறத்தாழ 1,400 கிலோ எடைக்குச் சமமான விசை விழுகிறது; .223-இல் அது 3,100 கிலோவைத் தாண்டுகிறது. பித்தளைக் கூடு சேம்பர் (குழலில் தோட்டா அமரும் அறை) சுவரை இறுகப் பற்றிக்கொள்வதால் உண்மையான விசை இரண்டிலும் இதைவிடக் குறைவாக இருக்கும் என்றாலும் விகிதம் மாறப்போவதில்லை: இரண்டு மடங்குக்கும் மேல். ஹார்னெட்டை மனத்தில் வைத்து மவுசர் அமைப்பைச் சிறிதாக்கி, எடை குறைத்துச் செய்த ஓர் ஆக்‌ஷனின் மேல், அதுவும் அரை நூற்றாண்டுக்கு மேல் பழகிய எஃகின் மேல் இந்தச் சுமையை ஏற்றுவதை எந்தப் பொறுப்புள்ள துப்பாக்கித் தொழிலாளியும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரே சுடுதலில் உடைந்துவிடும் என்று சொல்லவில்லை. முண்டுகள் அமுங்கி, போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடையிலான வெளி சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போய், ஒரு நாள் கூட்டின் அடி கிழிந்து வெப்ப வாயு முகத்தை நோக்கிப் பாயும் என்பதே பெரும்பாலும் நடப்பது.

அதே செக் மரபில் பிற்காலத்தில் வந்த சி.இசட். 527 ரைஃபிளில் ஹார்னெட்டும் இருந்தது, .222-உம் .223-உம் இருந்தன. 527-இல் முடிகிறது என்றால் 465-இல் ஏன் முடியாது என்று உங்களிடம் யாராவது வாதிடக்கூடும். 527 அந்த நீளமான, வலுவான தோட்டாக்களையும் கணக்கில் கொண்டு வடிவமைக்கப்பட்டது என்பதே அதற்குப் பதில். தோற்றத்தில் உள்ள ஒற்றுமை வலிமையில் உள்ள ஒற்றுமைக்குச் சான்றாகாது.

இனி .22 எல்.ஆர். இங்கே அழுத்தம் ஒரு பிரச்சினையே இல்லை. ஹார்னெட்டில் பாதியளவுக்குச் சற்று மேல்தான் வரும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எல்.ஆர். தோட்டாவில் தனி பிரைமர் கிடையாது. தீப்பற்றும் கலவை விளிம்பின் உட்புறத்தில் பரவியிருக்கிறது, ஊசி விளிம்பில்தான் அடிக்க வேண்டும். ஹார்னெட்டின் ஊசியோ நடுவில் அடிக்கும். போல்ட் முகம் 8.9 மி.மீ. விளிம்புக்காகக் குடையப்பட்டது, எல்.ஆர். விளிம்பு ஏறத்தாழ 7 மி.மீ. மட்டுமே. ஆகவே புதுக் குழலோடு புதிய போல்ட் தலை, நடுவிலிருந்து விலகி அடிக்கும் புதிய ஊசி, புதிய எக்ஸ்ட்ராக்டர், மேகசினுக்குள் ஓர் இணைப்பு இவ்வளவும் வேண்டும். எல்லாம் கையால் செய்ய வேண்டியவை, ஒன்றுகூடக் கடையில் கிடைக்காது.

வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. ஹார்னெட்டே இப்படியொரு மாற்றத்தில் பிறந்ததுதான், ஆனால் எதிர்த்திசையில். 1920களில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையைச் சுற்றியிருந்த சில ஆர்வலர்கள், 1885-இலிருந்து புழக்கத்தில் இருந்த .22 டபிள்யூ.சி.எஃப். என்னும் பழைய தோட்டாவுக்குப் புகையில்லா மருந்தும் உறையிட்ட குண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது எம்.1922 என்னும் .22 எல்.ஆர். பயிற்சி ரைஃபிளை. விளிம்பில் அடிக்கும் போல்ட்டை நடுவில் அடிப்பதாக மாற்றி, சேம்பரைத் திரும்பக் குடைந்து சுட்டார்கள். 1930-இல் வின்செஸ்டர் நிறுவனம் ஹார்னெட் தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்கென்று தொழிற்சாலையில் செய்த ரைஃபிள் சந்தையில் இல்லை. அந்த மாற்றம் வெற்றி பெற்றதற்குக் காரணம், செய்தவர்கள் ஆயுதச் சாலையின் கருவிகளையும் அளவிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போல்ட்டிலிருந்து தொடங்கியவர்கள் என்பதுதான்.

நம் நாட்டிலும் பெரிய அளவில் நடந்த மாற்றங்கள் இதே பாடத்தையே சொல்கின்றன. 1962 சீனப் போருக்குப் பின் வங்காளத்தின் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை, .303 லீ என்ஃபீல்டு வடிவத்தை 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு மாற்றி 2ஏ, 2ஏ1 ரைஃபிள்களை உருவாக்கியது. பழைய ரைஃபிள்களில் 7.62 குழலைச் செருகி அனுப்பியிருந்தால் எளிதாக முடிந்திருக்கும். ஆனால் ரிசீவருக்கு வலுவான எஃகைத் தேர்ந்தெடுத்தார்கள், விளிம்பற்ற தோட்டாவுக்காக எக்ஸ்ட்ராக்டரை மாற்றினார்கள், மேகசினை வேறு வடிவத்தில் செய்தார்கள். அதே இச்சாப்பூரில் அதற்கு முன்பு .303 ரைஃபிள்களின் குழலை வழுவழுப்பாகக் குடைந்து .410 மஸ்கட்டாக மாற்றிக் காவலர்களுக்குக் கொடுத்தார்கள். அது அழுத்தத்தைக் குறைக்கும் திசையிலான மாற்றம், தோட்டாக் கூடும் .303 கூட்டின் அடியையே கொண்டிருந்ததால் போல்ட்டைத் தொட வேண்டியிருக்கவில்லை. இந்த இரண்டு உதாரணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த மாற்றம் எளிது, எது கடினம் என்பது தானாகவே விளங்கும்: கூட்டின் அடி மாறாமல், அழுத்தம் ஏறாமல் இருக்கும் மாற்றமே எளிய மாற்றம்.

அந்த அளவுகோலின்படி உங்கள் ஹார்னெட்டுக்குப் பொருந்தும் உறவினர்கள் இரண்டு பேர் உண்டு. ஒன்று கே ஹார்னெட். லைல் கில்போர்ன் என்பவர் 1940 வாக்கில் செய்தது. அதற்குக் குழலையே மாற்ற வேண்டியதில்லை, சேம்பரைச் சற்று அகலமாகக் குடைந்தால் போதும். சாதாரண ஹார்னெட் தோட்டாவை அதில் சுட்டால் கூடு விரிந்து புதிய வடிவம் பெறும். மற்றொன்று ஹார்னடி நிறுவனம் 2012-இல் கொண்டுவந்த .17 ஹார்னெட், அதே அடி, குறுகிய கழுத்து, 20 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டு நொடிக்கு ஆயிரம் மீட்டரைத் தாண்டிப் போகும். இதற்கு .17 குழல் வேண்டும், போல்ட்டும் விளிம்பும் அப்படியே இருக்கும். பட்டறை நோக்கில் இரண்டும் அழகான மாற்றங்கள். ஆனால் ஹார்னெட் தோட்டாவே கிடைக்காத ஊரில் இவற்றுக்குத் தோட்டா எங்கிருந்து வரும்? வெற்றுக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்துத் தாமே தயாரிக்கும் வழக்கம் அமெரிக்காவில் சாதாரணம்; இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். மேலும் இந்தச் சிறு தோட்டாக்கள் எல்லாம் வயல்வெளியில் நரி, முயல், தரைநாய் போன்றவற்றைச் சுடுவதற்காக வளர்ந்தவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நமக்கு அந்தப் பயன்பாடே இல்லை.

குழல் மாற்றும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "கழற்றி மாட்டுவதுதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய மவுசர் வகை ஆக்‌ஷன்களில் குழல் ரிசீவருக்குள் திருகி இறுக்கப்பட்டிருக்கும். பல்லாண்டு இறுகிப்போன திருகைச் சரியான பிடிகள் இல்லாமல் திருப்பினால் ரிசீவர் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய ரிசீவரை நேராக்கும் வித்தை யாருக்கும் தெரியாது. புதுக் குழல் பெரும்பாலும் துளையும் ரைஃபிளிங் என்னும் சுழல் பள்ளங்களும் முடிந்த, ஆனால் சேம்பர் குடையாத உருளையாகவே வரும். அதன் மரையை லேத்தில் ரிசீவருக்கு ஏற்ப வெட்டி, சேம்பரைக் குடைந்து, முகப்பு விளிம்பைச் சீராக்க வேண்டும். இதில் எல்லாவற்றிலும் நுட்பமானது ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. ஹார்னெட் போன்ற விளிம்புள்ள தோட்டாவில் அது விளிம்பின் தடிப்பைப் பொறுத்தது, சுமார் 1.65 மி.மீ.; .223 போன்றவற்றில் கூட்டின் தோளில் ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பொறுத்தது. இடைவெளி குறைந்தால் போல்ட் பூட்டாது. கூடினால் கூடு பின்னோக்கி நீண்டு கிழியும். ஏற்கத்தக்க வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே இருப்பதால், பூட்ட வேண்டிய அளவி ஒன்றும் பூட்டக் கூடாத அளவி ஒன்றும் கையில் இல்லாத பட்டறை இந்த வேலையை எடுக்கக் கூடாது. அந்த அளவிகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளித்தால் அதுவே பதில்.

சுழற்சி விகிதத்தையும் கேட்டிருந்தீர்கள். குழலின் உட்பள்ளங்கள் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகின்றன என்பதே அது. 1879-இல் ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் என்னும் ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் கொடுத்த எளிய சூத்திரம் இன்றும் தோராயக் கணக்குக்கு உதவுகிறது: குண்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து இருமடி செய்து, 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் தேவையான சுழற்சி நீளம் கிடைக்கும். வேகம் மிக அதிகமான குண்டுகளுக்கு 150-க்குப் பதில் 180 வைப்பார்கள். ஹார்னெட்டின் 45 கிரெய்ன் குண்டு சுமார் அரை அங்குல நீளம், விட்டம் 0.224. கணக்குப் போட்டால் 15 அங்குலம் வருகிறது. ஹார்னெட் குழல்கள் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று இருப்பதன் காரணம் இதுதான். .223-இன் 55 கிரெய்ன் குண்டு முக்கால் அங்குலத்தை நெருங்குகிறது; 180 வைத்துப் பார்த்தால் 12 அங்குலம். 77 கிரெய்ன் போன்ற நீண்ட போட்டிக் குண்டுகளுக்கு 8 அல்லது 7 அங்குலம் தேவைப்படுகிறது. எனவே விட்டம் ஒன்றாக இருந்தாலும் ஹார்னெட் குழலில் வெறுமனே சேம்பரை மட்டும் பெரிதாக்கினால் நீண்ட குண்டு நிலைபெறாமல் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டுதான் இலக்குக்குப் போய்ச் சேரும்.

இப்போது சட்டம். தில்லியில் வாழும் நமக்கு இதுவே முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் "ஆயுதம்" என்பதற்குத் தரும் வரையறையிலேயே அதன் பாகங்களும் அடங்கும். ஆகவே தனியாக வாங்கும் குழலும் சட்டத்தின் பார்வையில் ஆயுதமே. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இறக்குமதிக்கும் உரிமம் வேண்டும். பிரிவு 5 துப்பாக்கியைத் தயாரிப்பது, விற்பது மட்டுமின்றி மாற்றுவது, பழுதுபார்ப்பது, சோதிப்பது ஆகியவற்றுக்கும் உரிமம் கேட்கிறது. பிரிவு 6 முன்பு குழலைக் குட்டையாக்குவதையும் போலித் துப்பாக்கியை உண்மைத் துப்பாக்கியாக்குவதையும் பற்றியதாக இருந்தது. 2019 திருத்தத்தில், ஆயுத விதிகளில் சொல்லப்பட்ட ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றுவதும் அதில் சேர்க்கப்பட்டது. மீறினால் பிரிவு 25-இன்படி குறைந்தது ஏழாண்டுச் சிறை, ஆயுள் வரை நீளக்கூடும். பட்டறைக்காரர் சொன்ன "ஹோ ஜாயேகா"வுக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது. அவரிடம் எந்த வகை உரிமம் இருக்கிறது, அதில் மாற்றும் வேலை குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதை நீங்கள் கேட்டுப் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது எந்த விட்டத்துக்கு மாற்றுகிறோம் என்பது. தடைசெய்யப்பட்ட "போர்" (bore, குழலின் துளை விட்டம்), அதாவது பி.பி. வகை, தனியாருக்கு எளிதில் கிடைக்காது. .303, 7.62 மி.மீ. படைத்துறைத் தோட்டாக்களைச் சுடக்கூடிய போல்ட் ரைஃபிள்கள், .410 மஸ்கட் ஆகியவை அதில் வரும். இச்சாப்பூரின் இரண்டு மாற்றங்களும் இந்தப் பட்டியலுக்குள் விழுந்ததைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலிருந்தே படைத்துறைத் தோட்டா பொதுமக்கள் கையில் பொருந்தக் கூடாது என்ற எண்ணம் தொடர்கிறது, நம் ஊரில்.315 ரைஃபிள் இவ்வளவு பரவியதற்கும் அதுவே காரணம். .223-இன் வெளி அளவுகள் நம் படைகள் பயன்படுத்தும் 5.56×45 மி.மீ. தோட்டாவோடு ஒத்திருப்பதால், அதை உங்கள் உரிமத்தில் எழுதச் சொல்லிக் கேட்டாலே கேள்விகள் எழும். வாரிசு உரிமத்தில் வந்த ஓர் அமைதியான ஹார்னெட்டைக் கொண்டுபோய் அந்தக் கேள்விகளுக்கு நடுவில் நிறுத்துவதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

எண்ணும் முத்திரையும் இன்னொரு கண்ணி. பிரிவு 8-இன்படி துப்பாக்கியில் பொறித்த பெயர், எண், அடையாளக் குறி ஆகியவற்றை அழிப்பதோ நீக்குவதோ மாற்றுவதோ குற்றம். பழைய ரைஃபிள்களில் எண் ரிசீவரிலும் குழலிலும் போல்ட்டிலும் தனித்தனியே பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். உரிமப் புத்தகத்தில் எழுத்தர் எதைப் பார்த்து எழுதினாரோ தெரியாது. விட்டம் பெரும்பாலும் குழலின் மேல்தான் பொறிக்கப்பட்டிருக்கும். குழலைக் கழற்றினால் உங்கள் உரிமத்தில் உள்ள விவரமும் கையில் உள்ள பொருளும் பொருந்தாமல் போகும். ஆகவே அதே ஹார்னெட்டில் புதுக் குழல் போட்டாலும்கூடப் பழைய குழலை என்ன செய்வது, புதியதில் என்ன பொறிப்பது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

துக்ளகாபாத் பற்றி. 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட அந்தச் சுடுதளம், இன்று கர்ணி சிங் பெயரில் இருப்பது, 50 மீட்டர் ரைஃபிளுக்குச் சர்வதேச விதிப்படி .22 எல்.ஆர். தோட்டாவையே எதிர்பார்க்கிறது. எல்.ஆர். குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 140 ஜூல்; ஹார்னெட் 980 ஜூல் அளவில் இருக்கும்; .223-இல் அது 1,700-ஐத் தாண்டும். குண்டுதாங்கிகள் எதற்காகக் கட்டப்பட்டன என்பதை நினைத்தால், ஹார்னெட்டோடு போய் நிற்கும் உங்களை ஏன் மறிக்கிறார்கள் என்பது புரியும். எல்.ஆர். ஆக மாற்றிய பிர்னோவை உள்ளே விடலாம், ஆனால் அதை வைத்துக்கொண்டு போட்டிக்குப் போக முடியாது. 50 மீட்டர் இலக்கில் பத்தின் வளையம் 10.4 மி.மீ. அகலம், அதற்கென்று கனமான குழலும் நுண்ணிய ட்ரிகரும் சரிசெய்யும் கட்டையும் வைத்துச் செய்த ரைஃபிள்களுக்கு நடுவே, காட்டில் தோளில் தொங்கவிட்டு நடப்பதற்காகச் செய்த இலகுவான துப்பாக்கி அங்கே சிரமப்படும்.

சுட வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் வழி நேரானது. 2019-க்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் இரண்டு. வாரிசாக வந்ததும் கணக்கில் சேரும். உங்களிடம் ஹார்னெட் ஒன்றுதான் என்பதால் .22 எல்.ஆர். ஒன்றுக்கு இடம் இருக்கிறது. மேலும், அங்கீகரிக்கப்பட்ட ரைஃபிள் கழக உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்காகப் பயன்படுத்தும் .22 போர் ரைஃபிளுக்கு இந்த எண்ணிக்கை வரம்பு பொருந்தாது என்று பிரிவு 3 சொல்கிறது. ஒரு கழகத்தில் சேருங்கள், கழகத்தின் ரைஃபிளில் முதலில் பழகுங்கள். மாற்றத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பழைய, நன்கு பராமரித்த போட்டி ரைஃபிள் ஒன்று கிடைக்கக்கூடும்.

பிர்னோவைப் பொறுத்தவரை, அதன் குழல் உண்மையில் தேய்ந்துவிட்டதா என்பதைக் கேள்வியில் எங்கும் சொல்லவில்லை. ஹார்னெட் மெதுவான தோட்டா. குழலைத் தின்னும் வகையன்று. பழைய தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது; எரிந்தபின் எஞ்சும் உப்பு ஈரத்தை இழுத்து எஃகை அரிக்கும். தில்லியின் ஆடி ஆவணிப் புழுக்கத்தில், சுட்டபின் தண்ணீர் விட்டுக் கழுவி உலர்த்தாமல் வைத்த குழல்களில் குழிகள் விழுந்திருக்கும். உரிமம் பெற்ற பட்டறையில் போரோஸ்கோப் கருவியை விட்டு உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். சேம்பருக்கு முன்னால் இரண்டு மூன்று அங்குலம் மட்டும் கறுத்திருந்து மீதி பளபளப்பாக இருந்தால் குழலைத் தொடாதீர்கள். முகப்பு விளிம்பு நசுங்கியிருந்தாலும் மரக்கட்டை ஈரத்தில் வளைந்து குழலைத் தள்ளினாலும் குறி தவறும்; இரண்டும் குழலைக் கழற்றாமல் சரிசெய்யக்கூடியவை, ஆனால் அவையும் பழுதுபார்ப்பே, ஆகவே உரிமமுள்ள கையில்தான் கொடுக்க வேண்டும்.

தோட்டாவுக்கு, ஒரு கடையில் இல்லை என்றால் வேறு மாநகரங்களின் உரிமம் பெற்ற விற்பனையாளர்களிடம் உங்கள் உரிமத்தின் நகலோடு எழுதிக் கேளுங்கள். ஹார்னெட் உலகில் இன்னும் செய்யப்படும் தோட்டா, அவ்வப்போது இறக்குமதிச் சரக்கில் தலைகாட்டும். தில்லிக் காவல்துறையின் உரிமப் பிரிவுக்கு நீங்கள் எழுதப்போகும் கடிதத்தில் மாற்றத்தைப் பற்றிய பேச்சையே எடுக்காமல், உரிமப் புத்தகத்தில் உள்ள எண் ரிசீவரின் எண்ணா, குழலின் எண்ணா என்பதை மட்டும் சரிபார்த்துத் தரும்படி கேளுங்கள். கடிதத்தோடு ரிசீவர், குழல், போல்ட் ஆகியவற்றில் உள்ள மூன்று எண்களின் தெளிவான புகைப்படங்களையும் உரிமத்தின் தனி அடையாள எண் இருக்கும் பக்கத்தின் நகலையும் இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் படியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.